அயல்நாடு காணச் செல்லுமுன்



ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வருகையில், மஞ்சள் பையொன்றைத் தூக்கிக்கொண்டு யாராவது என்னை நோக்கி வந்தால், அதனுள் என்ன இருக்கும் என்பதை எளிதில் ஊகித்துவிடுவேன். முன்பெல்லாம் வருமானச் சான்று, ஓய்வூதிய மனு, நிலவரி ரசீது முதலியவை இருந்தன. இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. நம் பங்குகளிலிருந்து செவிலியராகவும் பொறியாளராகவும் மாணவராகவும் கடல் கடந்து சென்ற பிள்ளைகளைப் பார்த்துவர விரும்பும் பெற்றோர் பெருகிவிட்டனர். உரோமையையும் லூர்து நகரையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தரிசித்துவிட வேண்டுமென்று சிறுகச் சிறுகச் சேமிப்போரும் பலர். சுற்றுலா விசாவைப் பற்றி எழுதுமாறு வாசகர் சிலர் கேட்டிருந்தனர். நாட்டுக்கு நாடு விதி வேறாகையால், எனக்குக் கைபழகிய ஐரோப்பிய விசாவையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் வாழை பயிரிட்டு வாழும் பெரியவர் ஒருவரும் அவர்தம் மனைவியும் 2025 ஜனவரியில் என்னிடம் வந்தனர். அவர்களுடைய இளைய மகள் ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கிறிஸ்துமசை அடுத்த ஞாயிறன்று ஞானஸ்நானம். தாத்தாவும் பாட்டியும் அருகிருக்க வேண்டுமென்பது மகளின் ஆசை. அதற்காக முந்திய நவம்பரிலேயே ஒரு பயண முகவரை அணுகி, அவர் கேட்ட பணத்தையும் கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன, விசா வரவில்லை. பேத்தியின் தலையில் தண்ணீர் வார்க்கப்பட்டதை அவ்விருவரும் கைப்பேசியில்தான் கண்டார்கள்.

பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோதுதான் நடந்தது விளங்கிற்று. ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க நேரம் கிடைப்பது தாமதமாகும் என்று கண்ட முகவர், விரைவில் நேரம் கிடைத்த வேறொரு நாட்டின் பெயரில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். அந்நாட்டில் பதினான்கு இரவுகள் ஓட்டல்களில் தங்கி, அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்வையிடப் போவதாக ஒரு பயணத் திட்டம் இணைக்கப்பட்டிருந்தது. மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒருநாள் பெரியவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கையில் தூதரகத்திலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. எங்கே போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று தமிழறிந்த ஒருவர் கேட்டிருக்கிறார். “மகள் வீட்டுக்குங்க, ஜெர்மனிக்கு. பேத்திக்கு ஞானஸ்நானம்” என்று இவர் மகிழ்ச்சி பொங்கச் சொல்லியிருக்கிறார். அத்துடன் விண்ணப்பம் முடிந்தது.

“சார், நான் பொய் ஒன்றும் சொல்லலையே. உண்மையைச் சொன்னதுக்கா இல்லைன்னுட்டாங்க?” என்று அவர் என்னிடம் கேட்டார். அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் திகைப்பே மிகுந்திருந்தது.

“இல்லை அண்ணாச்சி, நீங்கள் உண்மை சொன்னீர்கள், உங்கள் கையெழுத்து வேறொன்று சொன்னது” என்றேன். விண்ணப்பத்தின் இறுதியில் ஓர் உறுதிமொழி உண்டு. கொடுத்த விவரங்கள் யாவும் உண்மை. பொய்யான கூற்று இருப்பின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், வழங்கிய விசாவும் இரத்து செய்யப்படலாம், வழக்குக்கும் உள்ளாகலாம் என்பதே அதன் பொருள். அதற்குக் கீழே கையொப்பமிட்டவர் முகவர் அல்லர், பெரியவர். அவர் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது என்பது தூதரகத்தின் முன் செல்லுபடியாகாது. மறுப்புத் தாளில் குறியிடப்பட்டிருந்த காரணமும் அதுவே: பயணத்தின் நோக்கம் குறித்து அளிக்கப்பட்ட தகவல் நம்பத்தக்கதாக இல்லை.

‘விசா’ என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘பார்க்கப்பட்டது’ என்பது பொருள். தாள்களைப் பார்த்தோம் என்பதற்கு அடையாளமாக இடப்பட்ட குறிப்பே அது. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இன்றியே மக்கள் எல்லை கடந்தனர். 1914க்குப் பின் வந்த கெடுபிடி போர் முடிந்த பிறகும் நீங்கவில்லை. 1920இல் பாரிசில் கூடிய மாநாடு பாஸ்போர்ட்டுக்குப் பொது வடிவமும் வகுத்துத் தந்தது. அன்று முதல் தாளைப் பார்க்கிறவர் ஆளைப் பார்ப்பதில்லை. நம் பெரியவரின் கள்ளமற்ற முகத்தைக் கண்டிருந்தால் எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்தையா அந்த அதிகாரி கண்டார்? கையிலிருந்தவை சில தாள்களும் தொலைபேசியில் ஒரு குரலும் மட்டுமே.

அந்தத் தாள்களிடம் அதிகாரி கேட்பவை மூன்று கேள்விகள். எதற்காக வருகிறீர்? உம் செலவுக்கு யார் பொறுப்பு? குறித்த நாளில் திரும்பிச் செல்வீர் என்பதற்கு என்ன ஆதாரம்? 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் வகுத்த பொது விசாச் சட்டத் தொகுப்பு எத்தனையோ பக்கங்கள் நீண்டாலும், விண்ணப்பதாரரைப் பொறுத்தவரை அதன் சாரம் இம்மூன்றுதான். திரும்பிச் செல்லும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் எழுமானால் மறுக்கலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. அமெரிக்கச் சட்டமோ இன்னும் கடுமையானது. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே குடியேறும் நோக்கம் உடையவர் என்று முதலில் எண்ணிக்கொண்டு, அப்படியன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர்மேலேயே சுமத்துகிறது. இதை அவமதிப்பாக எண்ணி வருந்துவோரைக் கண்டிருக்கிறேன். அதிகாரி நம் ஒழுக்கத்தை எடைபோடவில்லை. தம்முன் உள்ள மூன்று கட்டங்களை நிரப்பப் பார்க்கிறார், அவ்வளவே.

இனி, எந்த நாட்டிடம் கேட்பது? ‘ஷெங்கன்’ என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையே இன்று 29 நாடுகளை ஒரே வேலிக்குள் கொண்டுவந்துள்ளது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் நாளில் முழுமையாகச் சேர்ந்தன. வேலிக்குள் ஒரு வாயிலில் நுழைந்தால் மற்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டியதில்லை. பிரிட்டனும் அயர்லாந்தும் வேலிக்கு வெளியே நிற்கின்றன. இலண்டனையும் பார்த்துவர விழைவோர்க்கு அது தனிக் கணக்கு. வத்திக்கான் நகருக்கெனத் தனி விசா கிடையாது. இத்தாலிக்குள் இருப்பவர் பேதுரு சதுக்கத்துக்குள் நடந்தே செல்லலாம்.

எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சமநாட்கள் தங்குவதாயின், முதலில் எங்கே காலடி வைக்கிறோமோ அந்நாட்டிடம். ‘எங்கே சீக்கிரம் நேரம் கிடைக்கிறதோ அங்கே’ என்பது முகவர்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட விதி. நம் பெரியவர் ஏமாந்த இடம் இதுவே. மகளின் வீட்டில் எழுபது நாட்களுக்கு மேல் தங்கி, இடையே நான்கு நாட்கள் லூர்து சென்றுவர விரும்பியவருக்கு விசா வழங்க வேண்டியது ஜெர்மனி. லூர்து பிரான்சில் இருப்பினும் அதே விசா போதும். அப்பயணத்தையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிட்டோம்.

ஓட்டலில் தங்கி ஊர் சுற்றுவதும், உறவினர் வீட்டில் தங்குவதும் ஒரே வகைக் குறுகியகால விசாவில்தான் அடங்கும். ஆயினும் விண்ணப்பத்தில் நோக்கம் தனித்தனியே கேட்கப்படுகிறது. காட்ட வேண்டிய தாள்களும் வேறு. சுற்றுலா என்றால் தங்குமிடப் பதிவும் நாள்வாரித் திட்டமும் வேண்டும். உறவினரைக் காண்பது என்றால் அவர் எழுதிய அழைப்பும், அவர் அங்கே முறைப்படி வாழ்கிறார் என்பதற்குச் சான்றும், அவருக்கும் நமக்கும் உள்ள உறவுக்குச் சான்றும் வேண்டும். ஜெர்மனியில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. மகள் தன் ஊரிலுள்ள அயல்நாட்டினர் அலுவலகத்துக்குச் சென்று, தன் சம்பளச் சீட்டுகளைக் காட்டி, பெற்றோரின் செலவுகள் அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று அரசின் முன் எழுதித் தரலாம். ‘ஃபெர்ஃப்ளிக்டுங்ஸ்எர்க்லேருங்’ என்று நாவைச் சுளுக்கவைக்கும் பெயர் அதற்கு. பெரியவரின் மனைவி அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ளே பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்” என்றார். அந்த ஒரு தாள் இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது.

உறவுக்குச் சான்று என்ற இடத்தில்தான் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரிதும் தடுமாறுகின்றன. அதனால் சற்று விரித்துச் சொல்லுகிறேன். கோயில் ஏட்டில் சூசை, பள்ளியில் ஜோசப், வாக்காளர் பட்டியலில் சூசையப்பன். அந்தோணியும் அந்தோணிசாமியும் ஆன்டனியும் ஒரே மனிதராக நம் தெருவில் நடமாடலாம். தூதரகத்தில் அவர்கள் மூவர். நம்முடைய முன்னெழுத்தோ இன்னும் வம்பு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், இடப்பெற்ற பெயர் என்று இரண்டு கட்டங்கள். ஒருவர் தந்தை பெயரை முதற்கட்டத்தில் இடுவார், மற்றொருவர் அதை வெறுமையாய் விடுவார், அவர் மகளோ கணவன் பெயரை இடுவாள். நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, வாழ்க்கைத்துணை ஆகியோரின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? நம் பெரியவரின் மகளுடைய பாஸ்போர்ட்டில் தாயின் பெயர் ‘மேரி’ என்றிருந்தது. தாயின் பாஸ்போர்ட்டிலோ ‘மரியம்மாள்’. பிறப்புச் சான்றில் ‘மரியாள்’. மூன்றும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி வழக்கறிஞரிடம் கையொப்பம் பெற்று, அதற்கு ஆதாரமாக மகளின் பிறப்புச் சான்றையும் குடும்ப அட்டையையும் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைத்தோம். கூடவே கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்றையும் வாங்கி இணைத்தேன். அது துணைச் சான்றாக நிற்கும். அரசின் பிறப்புச் சான்றுக்கு மாற்றாகாது. இளம் பெற்றோர் கவனிக்க: 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் பெற, பிறந்த நாளுக்குச் சான்றாக அரசின் பிறப்புச் சான்று மட்டுமே ஏற்கப்படும். ஞானஸ்நானப் பெயரும் அச்சான்றிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கட்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின் யாரோ ஒருவர் மஞ்சள் பையுடன் அலைவது மிச்சமாகும்.

பாஸ்போர்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருத்தல் வேண்டும், அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்களாவது வெறுமையாய் இருக்க வேண்டும்.

பணம் குறித்துப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வங்கிக் கணக்கில் பெருந்தொகை இருந்தால் விசா நிச்சயம் என்பது அது. ஆகவே மைத்துனரிடம் மூன்று இலட்சம் கைமாற்று வாங்கி, ஒரு வாரம் கணக்கில் வைத்து, சான்று பெற்றபின் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதையே சேவையாகச் செய்து வட்டி வாங்கும் முகவர்களும் உளர். தூதரகம் கேட்பது இன்றைய இருப்பை மட்டுமன்று; பொதுவாகக் கடந்த மூன்று மாத வரவு செலவையும் கேட்கிறது. மாதம் எட்டாயிரமும் பத்தாயிரமும் வந்துபோன கணக்கில் திடீரென்று மூன்று இலட்சம் நுழைந்தால், அதைக் காணக் கண்ணாடி வேண்டியதில்லை. சிறிய தொகையாயினும் மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதற்கு மதிப்புண்டு. ஓய்வூதியர் ஓய்வூதிய ஆணையை வைக்கலாம். விவசாயிகளுக்கு வருமான வரிக் கணக்கு இல்லையே என்று கலங்க வேண்டா. வேளாண்மை வருமானத்துக்கு நம் நாட்டில் மத்திய வருமான வரி இல்லை. பட்டா, சிட்டா, வாழைத்தார் விற்ற மண்டிச் சீட்டுகள், பணம் வங்கிக்கு வந்ததன் பதிவு ஆகியவற்றை ஒழுங்காய் அடுக்கி, வரிக் கணக்கு ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் எழுதினால் போதும்.

மூன்றாம் கேள்விக்கும் அந்தத் தோட்டமே விடை சொல்லிற்று. “வாழையை விட்டுட்டு அங்கே பனியிலே போய் நான் என்ன செய்வேன்?” என்று பெரியவர் சிரித்தார். அதையே பயணக் கடிதத்தில் எழுதினேன்: தமக்கு இன்ன ஊரில் இவ்வளவு நிலம், உடன் வாழும் மூத்த மகனின் குடும்பம், ஆடி கடைசியில் கன்று நட ஊரில் இருக்க வேண்டும். முந்திய மறுப்பையும் மறைக்கவில்லை. மறுப்பு முதலிய விவரங்கள் ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கணினிப் பதிவில் ஐந்தாண்டுகள் வரை இருக்கும். எல்லாத் தூதரகங்களும் அதைப் பார்க்கும். முன்னர் முகவர் தவறான நோக்கத்தை எழுதிக் கொடுத்ததையும், அதைப் படித்தறியாமல் கையொப்பமிட்டது தம் பிழையே என்பதையும் பெரியவர் பெயரிலேயே நான்கு வரிகளில் தெரிவித்தோம். அவ்வரிகளை எழுத வேண்டா என்று அவருடைய மகன் வாதாடினான். அவன் அச்சம் நியாயமானதே. எனக்கும் உள்ளூர அச்சம் இருந்தது. ஆனால் மறுபடியும் தொலைபேசி வந்தால் பெரியவர் என்ன சொல்வாரோ, அதையே தாளும் சொல்ல வேண்டுமென்று நான் பிடிவாதமாய் நின்றேன்.

விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முடிவு சொல்லப் பதினைந்து நாட்கள். வேண்டுமாயின் நாற்பத்தைந்து வரை நீட்டிக்கலாம். கோடை விடுமுறைக்காலத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே அரிது. ஆகவே இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே தொடங்குதல் நலம். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்க்கு 90 யூரோ. ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு 45. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. விண்ணப்பத்தை வாங்குகிற நிலையத்தார் முடிவு செய்வோர் அல்லர். அங்குள்ள சிப்பந்தியிடம் கெஞ்சுவதில் பயனில்லை. அங்கே விரல்ரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். அந்த ரேகை 59 மாதங்கள் வரை மறுபடியும் பயன்படும். விமான டிக்கட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும். விசா கைக்கு வருமுன் பணம் முழுவதையும் கட்டி டிக்கட் வாங்கிவிட்டு, பிறகு கையைப் பிசைந்தோரை அறிவேன்.

மருத்துவக் காப்பீட்டை வெறும் தாளாக எண்ணாதீர்கள். குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, தங்கும் நாள் முழுவதற்கும், ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும்படியாக அது இருக்க வேண்டும். அவசர சிகிச்சையும், இறக்க நேரிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கும். மலிவான காப்பீடுகளில் பலவும் ஏற்கெனவே உள்ள நோய்களை ஒதுக்கிவிடுகின்றன. நம் முதியோரில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாதவர் யார்? பிரீமியத்தில் ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்திவிட்டு, அங்கே மருத்துவமனையில் மகளைக் கடனாளியாக்குவது சிக்கனம் ஆகாது. மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பெரியவரின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர் தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வளைகுடா நாட்டுக்கு ‘விசிட் விசா’ கிடைத்திருப்பதாகவும், அங்கே சென்றபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாக ஏஜெண்ட் கூறியிருப்பதாகவும் சொல்லி வந்தான். பேத்தியைக் கொஞ்சப் போகிறவருக்குப் பொருந்தும் அதே நியாயம் இவனுக்கும் பொருந்தும்: விசாவில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறதோ, அதற்கு மட்டுமே அனுமதி. பார்வையாளர் விசாவில் வேலை செய்பவன் அந்நாட்டுச் சட்டத்தின்முன் குற்றவாளி. சம்பளம் கொடுக்காத முதலாளியைப் பற்றி முறையிட அவன் அஞ்சுவான். அவ்வச்சமே முதலாளியின் முதல். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. வேலையன்றி வேறு நோக்கத்துக்குச் செல்வோர்க்கு 2007 முதல் அவ்வனுமதி தேவையில்லை. நல்லெண்ணத்தோடு திறக்கப்பட்ட அந்தச் சிறு கதவின் வழியேதான் ஏஜெண்டுகள் பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகளாக வேடமிட்டு அனுப்புகிறார்கள். அப்படிச் செல்பவனுக்கு ஒப்பந்தம் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. அரசிடம் பதிவு பெற்ற முகவர், வேலைக்குச் செல்பவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். ஒன்றரை இலட்சம் கேட்டுவிட்டுப் பார்வையாளர் விசாவை நீட்டுபவர் யார் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் அடிமைகளாய் உழன்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அந்த வெளியான செய்திகளை அவ்விளைஞனின் தாயிடம் நானே படித்துக் காட்டினேன். அவள் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, பிள்ளை போகவில்லை.

பெரியவர் தம்பதியருக்கு 2025 ஏப்ரலில் விசா வந்தது. இம்முறை தொலைபேசி வரவில்லை. வருமென்று எதிர்பார்த்து மூன்று வாரம் தோட்டத்துக்குக் கைப்பேசியை மகன் கையில் கொடுத்தனுப்பியதுதான் மிச்சம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த வில்லையைப் படிப்பதில் ஒரு குழப்பம் நேர்ந்தது. அது பலருக்கும் நேர்வதே. வில்லையில் ‘இந்நாள் முதல் இந்நாள் வரை’ என்று இருப்பது விசா உயிரோடிருக்கும் காலம். ‘தங்கும் நாட்கள்’ என்று தனியே ஓர் எண் இருக்கும். முன்னது நூறு நாட்களாயிருந்தும் பின்னது எண்பதாயிருந்தால், எண்பது நாட்களே தங்கலாம். நுழைவுகள் ‘1’ என்றிருந்தால் ஒருமுறை வேலிக்கு வெளியே வந்தபின் மீண்டும் நுழைய இயலாது.

விசா கையிலிருந்தாலும், உள்ளே விடுவதும் விடாததும் விமான நிலையத்து எல்லை அதிகாரியின் உரிமை. ஆகவே அழைப்புக் கடிதம், மகளின் முகவரி, திரும்பும் டிக்கட், காப்பீடு ஆகியவற்றின் நகல்களைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாமல், பெரியவரின் மடியிலேயே இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுத்தேன். ஃபிராங்ஃபர்ட்டில் அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது, அம்மையார் உறையைத் திறக்கவில்லையாம். கைப்பையிலிருந்து பேத்தியின் புகைப்படத்தை எடுத்து நீட்டினாராம். அவர் சிரித்து முத்திரையிட்டார். அன்று முத்திரை, 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அதற்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் கணினியில் பதிவாகும் முறை தொடங்கிற்று. ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் இனி அதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்.

மே 10 அன்று நுழைந்து ஜூலை 23 அன்று புறப்பட்டார்கள். வந்த நாளும் போன நாளும் சேர்த்து 75 நாட்கள். ஊர் திரும்பிய மறுவாரமே பெரியவர் மீண்டும் வந்தார், மஞ்சள் பை இல்லாமல். லூர்து தீர்த்தம் ஒரு சிறு புட்டியில் கொண்டுவந்திருந்தார். “சார், மறுபடி எப்போ கேக்கலாம்? பிள்ளை இப்பத்தான் தாத்தான்னு சொல்லுது” என்றார். நாட்காட்டியை எடுத்துவைத்துக் கணக்கிட்டோம். எந்த நாளில் நின்று திரும்பிப் பார்த்தாலும், அந்த நாளோடு சேர்த்துப் பின்னோக்கிய 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கியிருக்கலாகாது. ஆகவே நவம்பர் 5 வரை அவருக்கு எஞ்சியவை 15 நாட்களே. நவம்பர் 6 முதல் மே மாதத்து நாட்கள் ஒவ்வொன்றாய்க் கணக்கிலிருந்து உதிரும். அதற்குப் புதிய விசா வேண்டும். இந்தியர்க்கென 2024 ஏப்ரலில் ஏற்கப்பட்ட விதிப்படி, மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறைப்படி பயன்படுத்தியவருக்கு, பாஸ்போர்ட்டில் காலம் இருக்குமாயின், அடுத்ததாக ஈராண்டுக்குப் பலமுறை சென்றுவரும் விசா கிடைக்கும். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றுதான் என்றார்.